யாரும் வைக்காத தண்ணீர்

அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தது இரண்டே பேர், இவனும் அவளும். அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. பேசாமல் ஒரே அறையில் எப்படி வேலை ஓடும் என்றால், ஜாடையில் ஓடியது.

ஸ்டோர் அண்ணன் கையுறைப் பெட்டியோடு உள்ளே நுழைந்தால் போதும், அவள் அவர் முகத்தைப் பார்த்து ஆரம்பிப்பாள்.

"அண்ணே, மெஷினை யூஸ் பண்ணா துடைச்சு வைக்கணும்னு சில பேருக்கு வீட்ல சொல்லியே தரலை போல."

இவனும் அதே அண்ணனைப் பார்த்துத்தான் பதில் சொல்வான்.

"அண்ணே, ஈரத்தோட துடைச்சா கறை பரவும்னு சில பேருக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலை போல."

"கையுறை குடுக்க வந்தேன்பா, என்னைத் தபால்பெட்டி ஆக்காதீங்க" என்று பெட்டியை மேசையில் போட்டுவிட்டு அவர் நடையைக் கட்டுவார்.

இவனுக்கு அங்கே பெயர் துரு. வைத்தவர் ஸ்டோர் அண்ணன்தான். இவன் செய்வது இரும்பு ஆக்சைடுத் துகள்கள். அருகில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆயிரக்கணக்கில் வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமுடியின் அகலம் வரும். ஆனால் பாட்டிலில் கருப்புக் காபி மாதிரி நிற்கும், சட்டையில் பட்டால் துருக்கறையாகப் படியும், எந்த சோப்புக்கும் அசையாது. இவனிடம் கறையில்லாத சட்டை ஒன்றுகூடக் கிடையாது. அவளுக்குப் பெயர் காயில். இவன் செய்து கொடுக்கும் துகள்களை காந்த சக்தி எழுப்பும் ஒரு செம்புச் சுருளுக்குள், அதாவது காயிலுக்குள் வைத்து எவ்வளவு சூடாகிறது என்று அளப்பது அவள் வேலை.

இந்த வேலையை வீட்டில் விளக்க இவன் பட்ட பாடு தனி. படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவன்தான். அப்பா டைல்ஸ் பதிக்கிறவர். அம்மா ஒரு தடவை உட்கார வைத்துக் கேட்டாள்.

"இரும்பையா உடம்புக்குள்ள விடுவீங்க? குத்தாதாடா?"

"குத்துற அளவுக்குப் பெருசு இல்லம்மா. மேல சர்க்கரை மாதிரி ஒரு பூச்சு இருக்கும். ரத்தத்துல விட்டா கட்டி இருக்கிற இடத்துல போய்ச் சேரும். ஸ்கேன் எடுத்தா அந்த இடம் மட்டும் கருப்பாத் தெரியும். கட்டி எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிடலாம்."

"சரி."

"அப்புறம் வெளியே இருந்து காந்த சக்தியை வேகவேகமா திருப்பித் திருப்பி விட்டா, அந்த இரும்பு சூடாகும். நாப்பத்து மூணு டிகிரிக்கு வந்தா கட்டி தாங்காது. பக்கத்துல இருக்கிற நல்ல சதை தாங்கிக்கும்."

"காய்ச்சலைக் கட்டிக்கு மட்டும் வர வைக்கிறது" என்றாள் அம்மா. இவன் ஆறு மாதமாகத் தேடிய வாக்கியம் அது.

அக்கா வீட்டுக்காரர் அதற்கும் விடவில்லை. அவருக்கு செல்போன் கடை. "மாப்ளே, உன் காந்தத்தைக் கொண்டு வந்து என் கடைக் கல்லாவுல வை. நாலு பேர் ஒட்டிக்கிட்டு வரட்டும்" என்பார். சிரிப்பு அடங்கியதும் குரல் மாறும். "விளையாட்டு போதும். இந்தக் காண்ட்ராக்ட் முடிஞ்சா அப்புறம் என்ன? ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும்ல? கடைக்கு வந்திடு."

அப்பா எதுவும் சொல்ல மாட்டார். தொடர்ந்து சொல்லாமல் இருப்பதில் அவர் மருமகனைவிடக் கெட்டிக்காரர்.

காண்ட்ராக்ட் முடியப் போவது உண்மை. திட்டத்தின் அடுத்த கட்டத்தில் ஒரே ஒரு இடம்தான். அந்த இடம் கிடைப்பவருக்கு முனைவர் பட்டப் பதிவும் கூடவே வரும். புரொபசர் அம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "ரெண்டு பேர்ல ஒருத்தர். ரிவ்யூ முடியட்டும்." அதாவது துருவா, காயிலா. கிடைக்காவிட்டால் இவனுக்குக் காத்திருப்பது மாமாவின் கடையும், வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டிய காந்த ஜோக்கும்.

இருவருக்கும் சண்டை ஆரம்பித்தது ஒரு கருத்தரங்குச் சுவரொட்டியில். யார் பெயர் முதலில் என்பதில். துகள் இல்லாமல் எதை அளப்பாய் என்று இவன். அளக்காவிட்டால் உன் துகள் வெறும் சாயத்தண்ணீர் என்று அவள். கடைசியில் அவள் பெயர் முதலில் வந்தது, அகர வரிசைப்படி என்றாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

அளவு எடுப்பதில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு நாளும் முதலில், துகள் கலக்காத வெறும் தண்ணீரை அதே மாதிரி ட்யூபில் ஊற்றிக் காயிலுக்குள் வைக்க வேண்டும். அது சூடேறக் கூடாது. ஏறினால், சூடு துகளிலிருந்து வரவில்லை, வேறெங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் ட்யூபைத் துகளோடு சேர்த்துக் கொண்டுவந்து வைப்பது இவன் வழக்கம். ஒருநாள் அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, சில பேர் கை பட்டா வெறும் தண்ணிகூட அழுக்காயிடுது" என்றாள்.

இவனுக்குச் சுருக்கென்று தைத்தது. டைல்ஸ்காரர் மகன் கைக்கு என்ன வந்தது? மறுநாளிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதை நிறுத்தினான். இவ்வளவு சுத்தக்காரிக்குத் தானே ஊற்றி வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று நினைத்தான். அவளோ, "தண்ணி வரலையே அண்ணே" என்று ஒரு தடவை காற்றில் விட்டாள். ஸ்டோர் அண்ணன் தன்னிடம் கேட்கிறாள் என்று நினைத்து, குடிக்கிற தண்ணீர்க் கேனை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். வைக்க வேண்டியவன் வைக்கட்டும், கேட்டால் அவனைக் கைகாட்டலாம் என்று அவள் விட்டுவிட்டாள். ஆக, யாரும் வைக்கவில்லை.

அடுத்தது பம்ப். காயிலின் செம்பு உள்ளே குழலாக இருக்கும். மின்சாரம் பாயும்போது செம்பும் சூடாகும் என்பதால் அதற்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஓட்டும் பம்ப் இவன் மேசைக்குப் பக்கத்தில் இருந்து நாள் முழுக்க உறுமிக்கொண்டிருந்தது. "அண்ணே, சில பேருடைய பம்ப் சத்தத்துல காது போயிடும் போல" என்று இவன் வாரக்கணக்கில் அரைத்ததில், பராமரிப்பு ஆட்கள் வந்து பம்ப்பைத் தூக்கி வெளி நடையில் வைத்தார்கள். நீளமான ரப்பர்க் குழாயைக் கதவிடுக்கு வழியாக உள்ளே விட்டார்கள். அறை அமைதியானது. இவன் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

அதே வாரத்தில் இவன் துகள் செய்யும் முறையை மாற்றியிருந்தான். சூட்டை மெதுவாக ஏற்றினான், பூச்சை முன்னதாகவே சேர்த்தான். அதே வாரத்தில் அவளும் காயிலின் அதிர்வெண்ணை மாற்றி அமைத்திருந்தாள். புதிய பாட்டில் காயிலுக்குள் போனது. அதற்கு முன்னால் முப்பத்தாறைத் தாண்டுவதற்கே முக்கி முனகிய அளவு, நாற்பத்து மூன்றில் போய் நின்றது.

புரொபசர் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "எப்படி வந்துச்சு இது?"

"புது முறை மேடம்" என்றான் இவன்.

"புது செட்டிங் மேடம்" என்றாள் அவள், அதே மூச்சில்.

அதற்குப் பிறகு அந்த அறையில் ஜாடைக்கும் பஞ்சமாகிவிட்டது. இருவர் முகத்திலும் கடுகு வெடித்தது. புரொபசர் அம்மா இவன் பக்கம் லேசாகச் சாய்வதாக ஸ்டோர் அண்ணன் சொன்னார். "காயிலை யாரு வேணா திருகலாம், துகள் செய்ய ஆள் வேணும்னு மேடம் போன்ல சொல்லிட்டு இருந்தாங்க தம்பி." அந்த ஒரு வாக்கியத்தை இவன் நாளெல்லாம் மென்றுகொண்டிருந்தான்.

ரிவ்யூவுக்கு முந்தின நாள் மதியம் அவள் அரை நாள் விடுப்பில் போனாள். இவன் அதற்காகத்தான் காத்திருந்தான். நினைத்தது நல்ல காரியம் ஒன்றும் இல்லை. தன்னுடைய பழைய பாட்டிலை, முப்பத்தாறில் நொண்டிய அதே பாட்டிலை, அவளுடைய புதிய செட்டிங்கில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அது சூடேறாமல் நிற்கும். அப்போது எல்லாம் தன் புது முறையால்தான் என்று நிரூபணமாகும். நாளைக்கு எல்லோர் முன்னாலும் திரையில் வரும் அந்த வெப்ப வரைகோட்டைப் போட்டுக் காட்டி அவள் முகத்தில் கரியைப் பூச வேண்டும்.

பழைய பாட்டிலை வைத்தான். ஏறியது. நாற்பத்து மூன்றுக்கே ஏறியது.

அப்படியானால் அவள் சொன்னதுதான் சரியா? எல்லாம் அவள் செட்டிங்கா? அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பழைய பாட்டிலிலும் ஏதோ கோளாறு இருக்கும், துகளே இல்லாமல் பார்த்துவிடலாம் என்று ஒரு ட்யூபில் வெறும் தண்ணீரை ஊற்றிக் காயிலுக்குள் இறக்கினான்.

தண்ணீரும் ஏறியது. அதே வேகம், கிட்டத்தட்ட அதே உயரம்.

இவன் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செம்பில் விரலை வைத்தான். சட்டென்று எடுத்துக்கொண்டான். கதவுக்குப் போய்க் குனிந்து பார்த்தான். ரப்பர்க் குழாய் கதவிடுக்கில் நசுங்கி, நாடா மாதிரித் தட்டையாகக் கிடந்தது. உள்ளே தண்ணீர் ஓடவில்லை, ஊர்ந்தது. காயில் அடுப்பாகிவிட்டது. உள்ளே எதை வைத்தாலும் வெந்திருக்கும், மாமாவின் செல்போனை வைத்தாலும்.

அவள் செட்டிங்கும் ஒன்றுமில்லை. இவன் முறையும் ஒன்றுமில்லை. இரண்டு மாதமாக இருவரும் அடித்துக்கொண்டது ஒரு நசுங்கிய குழாயின் புகழுக்காக. அந்தப் பம்ப்பை வெளியே போட வைத்ததும் இவன் வாய்தான்.

சொன்னால் அவள் மானம் போகும். அந்த நினைப்பு இனித்தது. ஆனால் அதே மூச்சில் தன் பாட்டிலும் சாயத்தண்ணீர் ஆகிவிடும். சொல்லாவிட்டால் நாளைக்கு அந்த ஒற்றை இடம் தனக்கு. அடுத்த கட்டத்தில் இந்தத் துகள்களைக் கேன்சர் டாக்டர் ஒருவர் எலிகளுக்குச் செலுத்திப் பார்ப்பார். அங்கே சூடு வராது. வராவிட்டால் எலி மேல் பழி, ஊசி மேல் பழி, ஆயிரம் பழி இருக்கிறது. அதற்குள் பதிவு ஆகியிருக்கும்.

பின்னால் ஒருநாள் ஒரு மனிதருக்கு இந்த அளவை நம்பி ஊசி போட்டால்? அது எங்கோ தூரத்தில் இருந்தது. மாமாவின் கடை பக்கத்துத் தெருவில் இருந்தது.

தண்ணீரைத் தொட்டியில் கொட்டினான். ட்யூபைக் கழுவிக் கவிழ்த்தான். திரையில் இருந்த கோட்டை அழித்தான். வீட்டுக்குக் கிளம்பினான்.

வீட்டில் மாமா வந்திருந்தார். "என்ன மாப்ளே, நாளைக்கு முடிவு தெரியுமாமே? கடைக்கு போர்டு எழுதக் குடுக்கட்டுமா, உன் பேரையும் சேர்த்து?"

"எழுதாதீங்க. காசு வேஸ்ட்டாகும்" என்றான் இவன்.

"அடேயப்பா, அவ்வளவு உறுதியா!"

அம்மா இவன் முகத்தையே பார்த்தாள். "ஏண்டா, சந்தோஷமா சொல்ல வேண்டியதை ஏன் கடிச்சுத் துப்புறே?"

"விடும்மா, தலைவலி" என்று உள்ளே போய்ப் படுத்தான். நன்றாகவே தூங்கினான். அதைத்தான் பிற்பாடு இவனால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை சின்னக் கூட்ட அறையில் ஆறேழு பேர். கேன்சர் டாக்டர் முன்வரிசையில், வழுக்கைத் தலையும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். இவன் தன் பகுதியைப் பேசினான்: துகளின் அளவு, பூச்சு, ஸ்கேனில் தெரிந்த கரும்புள்ளி. ஸ்கேன் படங்கள் நிஜமாகவே நன்றாக இருந்தன. டாக்டர் தலையாட்டினார். சூடு பற்றி இவன் அவசர அவசரமாக ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். திரையில் அந்த அழகான கோடு வந்தது. "இந்த நாற்பத்து மூன்றுக்குக் காரணம், நான் காயிலில் செய்த மாற்றம்" என்றாள். "துகள் மாறாமல் இருந்திருந்தாலும் இதே முடிவு வந்திருக்கும் என்பது என் கருத்து." சொல்லிவிட்டு முதல்முறையாக இவனை நேராகப் பார்த்து, ஒரு பக்கமாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், இடம் இவனுடையது. இவனுக்கும் அது தெரியும். ஆனால் வாய் இவனைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது?

"துகளே இல்லாட்டியும் வரும்! வெறும் தண்ணிக்கே வருது!"



"என்ன சொன்னீங்க தம்பி?" என்றார் டாக்டர்.

திரும்ப அள்ள முடியாது. "வெறும் தண்ணி வச்சாலும் அதே சூடு ஏறுது சார். காயில்தான் சுடுது."

எல்லோரும் ஆய்வகத்துக்கு இறங்கினார்கள். புரொபசர் அம்மா தன் கையாலேயே ஒரு ட்யூபில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தார். திரையில் எண் ஏற ஏற, அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. இவன் ஆசைப்பட்ட காட்சி அதுதான். ஆனால் பார்க்கிற தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்தான்.

"தினமும் தண்ணி வைக்கணுமே, யார் வைக்கலை?" என்றார் புரொபசர் அம்மா.

"கொண்டு வரவேண்டியவங்க கொண்டு வரலை" என்றாள் அவள்.

"அளக்கிறவங்க கேட்கலை" என்றான் இவன்.

"இத்தனை நாளும்? ஒரு ட்யூப் தண்ணி வேணும்னு வாயைத் திறந்து கேட்க ரெண்டு பேருக்கும் முடியலையா? கௌரவமா?"

டாக்டர் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க தம்பி. இல்லேன்னா நான் ஒரு வருஷம் எலியைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

புரொபசர் அம்மா இவனைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வி வரும் என்று இவனுக்குத் தெரியும். "உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

பொய் சொல்ல இடமிருந்தது. இன்று காலை என்றால் முடிந்தது. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டான். நேர்மை என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. பொய் சொல்லும் தெம்பு தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

"நேத்து மதியம் மேடம்."

"நேத்து மதியம்" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "கொஞ்ச நேரம் முன்னாடி எல்லார் எதிர்லயும் நின்னு சூடு பத்திப் பேசினியே, அப்போ தெரியும்?"

"தெரியும்."

"அவ சிரிக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பியா?"

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

இடம் அவளுக்குப் போனது. தண்ணீர் வைக்காதது பெரிய தப்பு, ஆனால் தெரியாமல் செய்தது என்று புரொபசர் அம்மா சொன்னார். இவன் செய்தது என்ன என்று அவர் சொல்லவில்லை, இவன் முகத்தையும் பார்க்கவில்லை. மாதக் கடைசிவரை வரலாம் என்றார். அவ்வளவும் சொல்ல அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மாமா ஜோக் அடிக்கவில்லை. அது ஜோக்கைவிடக் கேவலமாக இருந்தது. அப்பா மட்டும் வாயைத் திறந்தார். "மட்டம் பார்க்காம டைல்ஸ் போட்டா, போட்டவன்தான் பேர்த்தெடுக்கணும்" என்றார். ஆறுதலா, திட்டா என்று தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் முடியாது.

இரண்டு நாள் கழித்துத் தன் சாமான்களை எடுக்கப் போனான். பம்ப் உள்ளே, பழைய இடத்தில் இருந்து உறுமிக்கொண்டிருந்தது. அவள் காயிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ட்யூபை ஏற்கெனவே ஓட்டி முடித்திருந்தாள், கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இப்போது உள்ளே இறங்கியிருப்பது கருப்பு ட்யூப். இவனுடைய புதுமுறைப் பாட்டில். நிஜமான முதல் அளவு.

இவன் கோப்பையையும் சட்டையையும் பைக்குள் போட்டான். போட்டதையே எடுத்து மடித்து மறுபடி போட்டான்.

அவள் திரும்பாமலே பேசினாள். ஸ்டோர் அண்ணன் அங்கே இல்லை. "எனக்கு அந்த இடம் உன்னால கிடைக்கலை. நன்றி சொல்வேன்னு நின்னுக்கிட்டு இருக்காதே."

"உன் நன்றி யாருக்கு வேணும்? குழாய் நசுங்கினதுகூடத் தெரியாம பெருமை பேசினவதானே நீ."

"பம்ப்பை வெளியே தூக்க வச்சது யாரு? உன் காதுக்குத்தானே சத்தம் ஆகலை?"

"ஒரு ட்யூப் தண்ணி ஊத்திக்க உனக்குக் கை இல்லையா?"

"உன் கையைச் சொன்னா கோபம் வருது, என் கையை மட்டும் சொல்லலாமா?"

எண் அசைந்தது. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து. பழைய பாட்டில் இங்கேதான் மூச்சு வாங்கும். முப்பத்தாறு.

நிற்கவில்லை.

இவன் பையைத் தரையில் வைத்துவிட்டு ஒரு எட்டு கிட்டே வந்தான். அவள் அதைக் கவனித்தாள். கையை நீட்டி, திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்கு இங்க வேலை முடிஞ்சுபோச்சு" என்றாள்.

"மாதக் கடைசிவரை இருக்கு" என்று சொல்லிவிட்டு, இவன் மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் போனான்.